ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

எங்கள் மில் சமையலறையில் எரியும் நெருப்பு பழைய அட்டைப்பெட்டியிலிருந்து வருகிறது என்று சொன்னால் ஊரில் சிலர் இப்போதும் நம்புவதில்லை. பெட்டியைக் கிழித்துப் போட்டு அடுப்பெரிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மில் பழைய அட்டையை ஊறவைத்து, அரைத்து, கூழாக்கிப் புது அட்டை செய்கிறது. செய்தபின் மிஞ்சுகிற பழுப்புத் தண்ணீரில் பசையும் நாருமாக எத்தனையோ கரைந்து கிடக்கும். அந்தத் தண்ணீரை வீட்டைவிட உயரமான ஒரு மூடிய தொட்டிக்குள் விடுகிறார்கள். காற்றுப் படாத இருட்டில் அது மக்கி, கேஸாகக் கிளம்புகிறது. பெரும்பங்கு பாய்லருக்குப் போகும். ஒரு சின்னக் குழாய் என் அடுப்புக்கு வரும்.

மில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு வயல்களுக்குள் தள்ளி இருக்கிறது. நான் அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சமைக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றவள். என் வீட்டுக்காரர் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். என் தம்பி அதே தொட்டியில் பம்பு, குழாய் வேலை பார்க்கிற பிட்டர். அவனும் பிள்ளை குட்டிக்காரன்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு அவன் இன்னமும் கல்யாணத்தில் கலாட்டா செய்த மச்சான்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாமல் ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை.

தொட்டி வருவதற்கு முன்பு அந்தத் தண்ணீர் திறந்த குட்டையில் கறுப்பாக நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் நிறுத்தம் வந்தால் தலைப்பை எடுத்து மூக்கில் வைப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காபி டம்ளரைத் தொடாமலே எழுந்து போனது. அப்படி இருந்த நாற்றத்தைத்தான் ஒரு நாள் இன்ஜினியர் மேடம் என் அடுப்புக்குக் கொண்டுவந்து விட்டார்.

மேடம் கடலூர்க்காரர். ஸ்கூட்டியில் வருவார். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. முதல் நாள் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கி நின்றேன். சாக்கடையில் பிறந்த நெருப்பு, இதில் வடித்த சோற்றைச் சாமிக்குப் படைக்கலாமா என்று மனசுக்குள் ஒரே குழப்பம்.

"சும்மா கொளுத்துங்கக்கா. ஒண்ணும் ஆவாது," என்றார் மேடம்.

கொளுத்தினேன். நீலமாகப் பூத்தது. புகை இல்லை, கரி இல்லை. நாற்றம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உலை கொதித்து முடிந்தபிறகு அண்டாவைச் சாய்த்து அடியைப் பார்த்தேன், தேய்த்து வைத்தது போலவே இருந்தது. என் கை தானாகக் குவிந்தது. மேடம் சிரிக்கவில்லை. தொட்டியைக் காட்டிச் சொன்னார்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குக்கா. கோடிக் கோடியா. நம்ம மாட்டுச் சாணியிலேருந்து எடுத்து விட்டதுதான். அதுங்க தின்னுட்டு விடுற மூச்சுதான் இது. காத்துப் பட்டா செத்துடும்."

"காத்து இல்லாம எப்படி மேடம் உசுரு இருக்கும்?"

"நாம மூச்சு விடுற காத்து பூமிக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுங்க. நமக்கெல்லாம் மூத்த பங்காளிங்க."

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. தினமும் சாணி தெளித்த கை இது. அந்தச் சாணிக்குள் காற்றுக்கும் மூத்தவர்கள் குடியிருந்ததும், அவர்களுக்கும் சாமி ஒரு வேலை வைத்திருந்ததும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. அதற்கப்புறம் அடுப்பைப் பற்றவைக்கும்போது தொட்டி இருக்கிற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

போன ஆயுத பூஜைக்குத்தான் அந்தத் தொட்டியை நாங்கள் கொல்லப் பார்த்தோம்.

எங்கள் மில்லில் ஆயுத பூஜை என்றால் பெரிய திருவிழா. எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைப்போம். முந்தின வருஷம் குருக்கள் தீபாராதனையைத் தொட்டிக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்துக் குழியிலிருந்து வந்த வாடையில் மந்திரத்தைப் பாதியிலேயே விழுங்கிவிட்டார். முதலாளி வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் தம்பிக்கு அது தாங்கவில்லை. சாமி வருகிற இடம் இப்படியா இருப்பது என்று வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளில் போடப் பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடர் ஸ்டோரில் மூட்டையாகக் கிடந்தது. போன பூஜைக்கு அவன் அதை எடுத்துக் கரைத்தான். தொட்டிக்குப் போகும் தண்ணீர் முதலில் வந்து சேருகிற குழி, அதைச் சுற்றின தரை, வாய்க்கால் எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். போதாதென்று பினாயிலும் ஊற்றினான். கழுவின தண்ணீர் முழுக்கக் குழிக்குள்ளேயே இறங்கியது. அன்றைக்குக் குருக்கள் நின்று நிதானமாக மந்திரம் சொன்னார். முதலாளி தம்பியின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தீங்களா மாமா, உங்க தொட்டி ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது," என்றான் தம்பி.

"பின்ன, ஒன் மூஞ்சியப் பாக்காம தொட்டியப் பாத்தாத்தான்டா மச்சான் கண்ணுக்குக் குளிர்ச்சி," என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை மில் ஓடத் தொடங்கியதும், குழியில் இருந்த அத்தனையையும் பம்பு தொட்டிக்குள் தள்ளிவிட்டது.

முதலில் என் அடுப்புக்குத்தான் தெரிந்தது. நீலம் போய் மஞ்சளாக நடுங்கியது. அரிசி வேகவே இல்லை. அடுத்த நாள் நெருப்பு குழாயின் வாயில் இரண்டு முறை தவ்விவிட்டு அணைந்தே போனது. வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து, நிறம் மாறுகிற காகிதத்தை நனைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"புளிச்சுப் போச்சு," என்றார். "மோந்து பாரு."

முகர்ந்தேன். மறந்துபோய் மூன்று நாள் வெளியில் வைத்த மாவு மாதிரி இருந்தது.

மேடம் வந்து விசாரித்தார். தம்பி பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். பிளீச்சிங் பவுடர் என்று அவன் வாயில் வந்ததும் மேடம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"கிணத்துல பூச்சி சாவணும்னுதானே அதப் போடுறீங்க? உள்ள இருக்கறதும் அந்த மாதிரி உசுருதானே அண்ணே."

தம்பியின் முகம் செத்துவிட்டது. அவனை என்னவென்று சொல்வது? அவன் சுத்தம் செய்தான், நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். சாமிக்கு முன்னால் சுத்தமாக நிற்க வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் அழுக்குக்குள்ளும் சாமி வேலை செய்துகொண்டிருப்பதைச் சொல்லவில்லை.

மேடம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். உள்ளே இரண்டு கூட்டம் உண்டாம். ஒன்று வேகமாகத் தின்று புளிப்பை உண்டாக்கும். மற்றொன்று மெதுவானது, நோஞ்சான். அது அந்தப் புளிப்பைத் தின்று கேஸைக் கொடுக்கும். மருந்தில் அதிகம் செத்தது நோஞ்சான் கூட்டம். வேகமான கூட்டம் நிற்காமல் தின்றுகொண்டே இருப்பதால் புளிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

"அடுப்பு வேலை நிக்கல, பாத்திரம் தேய்க்கிற ஆளு விழுந்துட்டாங்க. அங்கணம் நெறைஞ்சு கெடக்கு. அதானே?" என்று கேட்டேன்.

"அதேதாங்கக்கா."

முதலாளி வந்தார். கோபம் தலைக்கேறினால் அவர் கத்தமாட்டார், சிரிப்பார். தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "சாமிக்கு சுத்தம் பண்ணுடான்னா சம்மாரமே பண்ணி வச்சிருக்கியே," என்றார். பிறகு மேடத்திடம், "பொழைக்குமா, பொழைக்காதா?" என்று கேட்டார்.

"தெரியல சார். மொதல்ல பட்டினி போடணும். மில்லுத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது."

"அப்ப இங்க வர்ற தண்ணிய எங்க விடறது?"

அதற்கு ஒரு பெரிய குட்டை இருந்தது. தொட்டிக்கு ஏதாவது ஆனால் தண்ணீரைத் தேக்கிவைக்கக் கட்டினது. கரையில் ஒரு கல் நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் மில்லை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் கரை உடைந்து, சம்பா நட்டிருக்கிற வயல்களுக்குள் அந்தக் கறுப்புத் தண்ணீர் பாயும். அது ஐப்பசி மாசம். கடலூர்க்காரர்களுக்கு ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைத் தண்ணீரும் அந்தக் குட்டையில்தான் விழும். தொட்டி எழுந்துகொள்ளாவிட்டால் மில் நிற்கும். நின்றால், தொட்டியைக் காலிசெய்து முதலிலிருந்து தொடங்கக் கோடை வந்துவிடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதுவரை யாருக்கும் வேலை இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் வேலையும் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது.

வைத்தியம் தொடங்கியது. புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தண்ணீர், ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு புதுச் சாணி, வைக்கோல் இல்லாமல், கரைத்து வடிகட்டினது. ஊசி போட்ட மாட்டுச் சாணி கூடாது, அந்த மருந்தும் உள்ளே இருக்கிற உயிர்களைக் கொல்லும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் நின்று விசாரித்துத்தான் வாங்க வேண்டும். தம்பியும் வீட்டுக்காரரும் குட்டியானை வண்டியில் பேரல்களை ஏற்றிக்கொண்டு புவனகிரி பக்கம் கிளம்பினார்கள். பேரல் தள்ள ஆள் வேண்டும் என்று ஒரு நாள் நானும் போனேன்.

வெள்ளாற்றங்கரையோரம் ஒரு பால்காரர் கொட்டகையில் வண்டி நின்றது.

"அண்ணே, மாட்டுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?" தம்பி கேட்டான்.

"ஏம்ப்பா, பால் வாங்கறவனே இவ்ளோ கேக்க மாட்டானே. சாணிக்கு வந்தவன் ஜாதகம் பாக்குற?"

"எங்க மில்லுல ஒரு உசுருக்கு ஒடம்பு சரியில்லண்ணே. அதுக்கு மருந்து."

"சாணியத் திங்கிற உசுரா? யாருப்பா அது, ஒங்க மொதலாளியா?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆயுத பூஜைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பால்காரர் அப்புறம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சினை மாடு கட்டியிருந்த பக்கம் கூட்டிப்போய், "இது புல்லத் தவிர ஒண்ணும் தின்னாதது. எடுத்துக்குங்க," என்றார். சாணி இன்னும் சூடாக இருந்தது. பேரலைத் தொட்டால் உள்ளங்கையில் அந்த இளஞ்சூடு தெரிந்தது. வழியெல்லாம் பேரல் ஆடாமல் தம்பி கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போகிற மாதிரி இருந்தது.

ஊற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் தம்பி ஒரு பையோடு வந்தான். உள்ளே உப்பு, மிளகு, வெல்லம். திருவந்திபுரத்துப் பெருமாள் கோயில் கிணற்றில் இவற்றைப் போட்டு வேண்டிக்கொண்டால் உடம்பில் வந்தது போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கே மரு உதிர்ந்திருக்கிறது. அவன் அதை நேராகத் தொட்டிக்குள் போட நினைத்து அதன் ஏணிப்படியில் பாதி ஏறிவிட்டான்.

"டேய் மச்சான், எறங்குடா!" வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்தினார். "ஒரு தடவ பக்தி பண்ணது போதாதா?"

"மாமா, இது சாமி மருந்து மாமா!"

"வெல்லம் போட்டா இன்னும் புளிக்கும்டா! உப்பு அதுங்களுக்கு ஆவாது! மேடம் கிட்ட கேக்காம கால வச்சியோ, ஒன்னையத் தூக்கி உள்ள போட்டுடுவேன்!"

மேடத்துக்குப் போன் போட்டார்கள். மேடம் தம்பியைக் கிண்டல் செய்யவில்லை. "அண்ணே, சாமி கிணறு அங்கதானே இருக்கு. அங்க போட்டு வேண்டிக்கிட்டு வாங்க. எனக்கும் சேத்து," என்றாராம். அவன் மழையில் நனைந்துகொண்டே திருவந்திபுரம் போய், கிணற்றில் போட்டுவிட்டு, கெடிலம் ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து இன்னும் பயந்து திரும்பி வந்தான்.

தீபாவளிக்கு முன்பே தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முதலாளி குடையோடு கரையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய் மிஷினை நிறுத்தச் சொன்னார். அந்த மில்லின் இரைச்சல் நின்றபோதுதான், மழை எவ்வளவு சத்தமாகப் பெய்துகொண்டிருந்தது என்று எனக்குக் கேட்டது. அட்டை பிரிக்கிற பெண்கள் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, "ஒன் தம்பி வூட்டுல ரொம்ப சுத்தமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பண்டிகை நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் யாருக்குத்தான் வலிக்காது.

அதற்குப் பிறகு தொட்டிக்காரர்கள் மட்டும் வந்தோம். நான் சிலிண்டரில் சமைத்தேன். தொட்டியிலிருந்து வருகிற குழாய் நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீருக்குள் இறங்கி ஏறும். கேஸ் வந்தால் அந்தத் தண்ணீரில் குமிழி கிளம்பும். வேலை முடிந்தால் நாங்கள் போய் அந்தக் குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதில் எங்கள் முகம்தான் தெரியும். மேடம் தினமும் வந்தார். குளிர் ஆகாது என்று சொன்னதால் தம்பி கோணிச் சாக்குகளைத் தைத்துக் குழாய்களுக்குப் போர்த்திவிட்டான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காலையில் விளக்கேற்றும்போது, "நோஞ்சானுங்கள மட்டும் காப்பாத்து சாமி," என்று சொல்வேன். இத்தனை வருஷம் வீட்டுக்காக, பிள்ளைகளுக்காக வேண்டியிருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக வேண்டிக்கொண்டது அப்போதுதான். வேண்ட வேண்ட எனக்கு ஒன்று புரிந்தது. நான் யாரை வேண்டுகிறேனோ அவரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்தது. ஓடினேன். குடுவைத் தண்ணீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. தம்பி கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்திருந்தான்.

"வுட்டுச்சுக்கா... மூச்சு வுட்டுச்சு!"

நான் உள்ளே ஓடிக் குச்சியைக் கிழித்தேன். பற்றவில்லை. குழாயிலிருந்து வந்த காற்று குச்சியையே அணைத்துவிட்டது. மறுபடியும் கிழித்தேன். மறுபடியும் அணைந்தது. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல வர்றது எரியாதுங்கக்கா. அதுல நாம வெளிய விடுற கரிக்காத்துதான் ஜாஸ்தி, அது நெருப்ப அணைச்சிடும். நோஞ்சானுங்க இப்பதான் எழுந்து ஒக்காருது. நடக்க வுடுங்க," என்றார்.

தினமும் ஒரு குச்சி கிழித்தேன். தினமும் அணைந்தது. குமிழிகள் மட்டும் கூடிக்கொண்டே வந்தன. நிறக் காகிதமும் மெல்ல மெல்ல மாறியது. மழை விட்டு வெளுத்த ஒரு காலையில் கிழித்த குச்சி அணையவில்லை. குழாயின் வாயில் மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்து தள்ளாடி, பிறகு அடியிலிருந்து நீலமாகத் தெளிந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கல் தரையில் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பட்டினி கிடந்து, விஷம் குடித்து, எத்தனையோ பேர் செத்துப்போய், மிஞ்சின கொஞ்சம் பேர் அந்த இருட்டுக்குள் யாரும் பார்க்காமல் மறுபடியும் பெருகி எங்களுக்கு நெருப்பை அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களிடம் கோபமும் இல்லை.

முதலாளி வந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துச் செருப்பை வாசலிலேயே கழற்றினார். "நாளைக்கே மில்லப் போடலாமா?" என்று மேடத்திடம் கேட்டார்.

"பொறந்த புள்ளைக்கு பிரியாணி போடுவீங்களா சார்? கொஞ்சம் கொஞ்சமாத்தான். ஒரு மிஷினு மட்டும் போடுங்க. கொடுக்கற தண்ணிய இவுங்கதான் அளந்து விடணும்."

முதலாளி தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"அவனே விடட்டும்," என்றார் முதலாளி. "இனிமே இவன விட பயந்து விடறவன் எனக்கு எங்க கெடைப்பான்."

அன்று சாயங்காலமே குட்டைத் தண்ணீரில் முதல் வாளியை மொண்டு கொண்டுவந்தான் தம்பி. குழியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினான். வாளியைத் தூக்கப் போனவன் திடுக்கென்று நின்று, உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மோந்து பாருக்கா. சோப்பு வாசன வருதா?"

"சோப்பு போட்டியாடா?"

"இல்லக்கா, வெறும் தண்ணிதான். இருந்தாலும் ஒரு தடவ மோந்து பாரேன்."

முகர்ந்தேன். சாணியும் மழைத் தண்ணீரும்தான் மணத்தது. "ஊத்து," என்றேன். அவன் வாளியைச் சாய்த்தான்.